கற்பனை உலகத்துக்குத் தெய்வங்களை உருவாக்குவது எப்படி: கோயில் வாசலிலிருந்து ஒரு வழிமுறை

ரோல்பிளேயிங் விளையாட்டுக்கென, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நடத்தும் ஆட்டத்துக்கென, ஓர் உலகத்தை உருவாக்க உட்காருகிறவர்களில் பெரும்பாலோர், வரைபடத்தை வரைந்து முடித்த கையோடு தெய்வங்களுக்கு ஓர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சூரியனுக்கு ஒருவர், போருக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர் எனத் துறைகள் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னமும் ஓர் ஆயுதமும் நல்லவரா தீயவரா என்னும் குறிப்பும் சேர்க்கப்படுகின்றன. அட்டவணை பார்ப்பதற்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டம் தொடங்கியபின் பூசாரிப் பாத்திரத்தை ஏற்றிருக்கும் ஆட்டக்காரர், "காலையில் எழுந்ததும் நான் என்ன செய்வேன்? எதை உண்ண மாட்டேன்? இந்த ஊர்க்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்களா, கதவைச் சாத்துவார்களா?" என்று கேட்டால், அந்த அட்டவணையில் ஒரு விடையும் கிடைக்காது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டில் கிளெரிக் என்னும் பூசாரிப் பாத்திரம் தொடக்கத்திலேயே இருந்தது. அவர் யாரை வணங்குகிறார், எப்படி வணங்குகிறார் என்பதைப் பற்றி விதிகள் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. 1976இல் அதற்கு வந்த துணைநூல் பல நாட்டுத் தெய்வங்களைத் தொகுத்துத் தந்தபோது, அரக்கர்களுக்குக் கொடுப்பதைப் போலவே அவர்களுக்கும் ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும்), ஆர்மர் கிளாஸ் (அடிப்பது எவ்வளவு கடினம்) முதலிய எண்களைக் கொடுத்தது. எண் கொடுக்கப்பட்ட எதையும் வெட்டிச் சாய்க்க முடியுமா என்றுதான் ஆட்டக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் வேறு பாதையில் சென்றது. கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த குளோராந்தா உலகத்தில் நடக்கும் அந்த விளையாட்டில், தெய்வத்தின் வலிமையைவிட அதை வணங்கும் குழுவுக்கே இடம் அதிகம்: யார் சேரலாம், சேருவதற்கு என்ன சோதனை, வருமானத்திலும் நேரத்திலும் எவ்வளவு பங்கு கொடுக்க வேண்டும், எந்தக் குழுவோடு நட்பு, எதனோடு பகை என்பவையெல்லாம் ஆட்டக்காரரின் அன்றாட முடிவுகளாயின.

நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது பாதையைத்தான். ஒரு தெய்வத்தை நம்பவைப்பது அதற்கும் அதை வணங்குவோருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல். அதை முதலில் எழுதிவிட்டால், புராணமும் சின்னமும் விதிநூல் கேட்கும் டொமைன்களும் (தெய்வத்துக்குரிய துறைகள்) அதிலிருந்து தாமாகவே வந்து சேரும். தலைகீழாகத் தொடங்கினால், புராணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆட்டத்துக்குள் அது இறங்காது.

ஓர் ஊரும் அதன் அச்சங்களும்

உலகம் முழுவதற்குமான தெய்வக் கூட்டத்தை எழுத முற்பட வேண்டாம். முதல் அமர்வு, அதாவது ஆட்டத்துக்காக முதன்முதலில் கூடும் நாளின் கதை, எந்த ஊரில் நடக்கப்போகிறதோ அந்த ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்பவர்கள் தங்கள் உழைப்பாலும் அறிவாலும் மட்டும் கட்டுப்படுத்த முடியாத நான்கைந்து காரியங்களை எழுதுங்கள். பண்டைய ரோமானியர்களுக்கு ரோபிகஸ் என்றொரு தெய்வம் இருந்தது. கோதுமைப் பயிரைத் தாக்கும் துரு நோய் ஒன்றே அதன் ஆட்சிக்கு உட்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள் அதற்கு ஒரு நாயைப் பலியிட்டு, பயிரைத் தொடாமல் விலகிப்போகும்படி வேண்டிக்கொண்டார்கள். அதே மக்கள் வீட்டு வாசலில் கதவுக்கும் நிலைப்படிக்கும் கீலுக்கும் தனித்தனித் தெய்வங்களை வைத்திருந்தார்கள். மனிதக் காவலாளி ஒருவன் பார்த்துக்கொள்ளும் வாசலுக்கு மூன்று தெய்வங்கள் எதற்கு என்று ஐந்தாம் நூற்றாண்டில் கிறித்தவ ஆயர் அகஸ்டின் கேட்டதனால்தான் நமக்கு இந்தச் செய்தி நன்றாகத் தெரிகிறது. 'வேளாண்மைக் கடவுள்' என்று எழுதினால் மனத்தில் ஒன்றும் எழுவதில்லை. ஒரே ஒரு பயிர் நோய்க்கு அஞ்சி ஊர் முழுவதும் ஒரு நாயோடு ஊர்வலம் போகிறது என்று எழுதினால், அந்த ஊரின் வயலும் அதன் பசியும் கண்ணுக்குத் தெரிகின்றன.

தமிழில் எழுதி, தமிழில் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இந்த வேலைக்கு ஏற்ற ஒரு படிவம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்தோடு தெய்வத்தைப் பொருத்தியது நாம் பள்ளியில் படித்தது. அதைவிடப் பயன்தருவது கருப்பொருள் வரிசை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. தெய்வம் உலகுக்கு வெளியே இருந்து வரும் ஒன்றாக இல்லாமல், அந்த நிலத்தில் விளையும் உணவோடும் அங்கு ஒலிக்கும் பறையோடும் சேர்ந்த ஒரு கருவாகவே எண்ணப்பட்டிருக்கிறது. உலகம் படைப்பவர்களுக்கென்று எழுதப்பட்ட வினாப்பட்டியல்கள் எத்தனையோ உண்டு. இதைவிடச் சுருக்கமும் செறிவும் உள்ள ஒன்றை நான் கண்டதில்லை. உங்கள் தெய்வத்துக்கு இந்த எட்டு இடங்களையும் நிரப்புங்கள். எட்டும் ஒரே நிலத்திலிருந்து வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஓர் எடுத்துக்காட்டை உருவாக்கிப் பார்ப்போம். கழிமுனை என்பது ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஒரு கற்பனைத் துறைமுக ஊர். அங்கே உப்பளங்கள் உண்டு, ஓடக்காரர்கள் உண்டு, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நெல் படகில் வருகிறது, உப்பு படகில் போகிறது. இவர்களின் அச்சங்கள் என்ன? முகத்துவாரத்தில் மணல் திட்டுச் சேர்ந்து வாய் அடைபட்டால் படகுகள் உள்ளே வரமுடியாது, ஊரே பட்டினி. உப்பு வாரும் காலத்தில் ஒரு மழை பெய்தால் அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் கரைந்துபோகும். கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் போவதும் உண்டு. மூன்று அச்சங்கள் போதும்.

முதல் அச்சத்திலிருந்து வாய்திறந்தாள் என்னும் தேவி வருகிறாள். அவளுக்குப் படையல் கழிமீனும் ஓதம் (ஏறி இறங்கும் கடல்நீர்) வற்றியபின் கரையில் வடித்த சோறும், அவளுடைய விலங்கு நீர்நாய், மரம் கண்டல், பறவை நாரை, அவளுக்குப் பறை அடிப்பது நீர் வற்றும் வேளையில் மட்டும், அவளை வணங்கும் தொழிலாளர்கள் ஓடக்காரர்களும் மணல் வெட்டுவோரும், அவர்களின் யாழ் ஒற்றை நரம்புடையது. இவள் 'கடல் தெய்வம்' என்று அட்டவணையில் எழுதினால் பொய்யாகிவிடும். அவளுடைய ஆட்சி ஓதநீர் ஏறி இறங்கும் தூரம்வரைதான்.

இரண்டாவது அச்சம் இன்னும் வளமானது. உப்பளத்து மக்களுக்கு மழை பகைவன். ஆற்றின் மேற்பகுதியில் நெல் விளைவிப்பவர்களுக்கோ அதே மழை உயிர். எனவே முகிலன் என்னும் மழைத் தெய்வத்துக்கு மேலூரில் பெரிய கோயிலும் அவனை எழுப்பும் திருவிழாவும் இருக்கும். கழிமுனையில் அவனைத் தூங்கவைக்கும் சடங்கு இருக்கும், உப்பு வாரி முடியும்வரை அவன் பெயரை உரக்கச் சொல்வதுகூடத் தடுக்கப்பட்டிருக்கும். ஒரே தெய்வம், இரண்டு ஊர்கள், எதிரெதிரான வேண்டுதல்கள். மேலூர்ப் பூசாரி ஒருவரைப் படகில் ஏற்றிக்கொண்டு கழிமுனைக்கு வரும் ஆட்டக்காரர்களுக்கு, ஓர் அரக்கன்கூட இல்லாமல் ஓர் அமர்வு முழுவதற்குமான சிக்கல் காத்திருக்கிறது. நிலத்திலிருந்து தெய்வத்தை எடுத்ததனால் கிடைத்த சிக்கல் இது.

வேண்டுதலும் விலையும்

இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. ரோமானியர் ஆட்சியில் அங்கே சூலிஸ் மினர்வா என்னும் தேவிக்குக் கோயில் இருந்தது. அந்த ஊற்றிலிருந்து அகழ்வாய்வாளர்கள் ஏறத்தாழ 130 ஈயக் கலவைத் தகடுகளை எடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை திருட்டுக் கொடுத்தவர்கள் தேவிக்கு எழுதிய முறையீடுகள். டோசிலியானஸ் என்பவர் தம்முடைய முக்காட்டு மேலங்கியைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ அல்லாதவரோ, யாராக இருந்தாலும் அந்த மேலங்கியைக் கோயிலுக்குக் கொண்டுவரும்வரை அவருக்கு உறக்கமும் பிள்ளைப்பேறும் கிட்டாதிருக்கட்டும், தேவி அவருக்குச் சாவைத் தரட்டும் என்று எழுதி, தகட்டை மடித்து நீரில் போட்டிருக்கிறார். யாரும் விடுபடாதபடி வழக்கு மனுவைப் போல எழுதப்பட்ட அந்த வாசகத்தில், நீதி கேட்க வேறு இடமில்லாத ஒரு மனிதரின் ஆற்றாமை அப்படியே இருக்கிறது. அந்தத் தேவிக்கு 'நீதி' என்று ஒரு துறை எழுதிவைத்திருந்தால் நமக்கு இந்த மேலங்கி கிடைத்திருக்காது.

ஆகவே ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஐந்து வேண்டுதல்களை எழுதுங்கள். யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், என்ன தருவதாகச் சொல்கிறார் என்னும் மூன்றும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். வாய்திறந்தாளிடம் வரும் ஓடக்காரி தன் மகனின் முதல் பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்தப் படகின் துடுப்பைக் கோயிலில் சாத்துவதாக வேண்டுகிறாள். உப்பு வணிகன் போட்டியாளனின் படகு மட்டும் மணலில் தட்டி நிற்க வேண்டும் என்கிறான், அதற்கு ஒரு மூட்டை உப்பு. கடத்தல்காரன் ஒருவனும் வருவான். அவன் கேட்பது நிலவில்லாத இரவில் திறந்த வாய். தேவி இம்மூவரையும் ஒரே வாசலில் ஏற்றுக்கொள்கிறாளா என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் விடைதான் அவளுடைய குணம். 'நல்லவர், தீயவர்' என்னும் குறிப்பு இதற்குப் பின் தேவைப்படாது.

அடுத்து, வேண்டுதல் நிறைவேறாதபோது ஊர் என்ன சொல்கிறது என்பதை எழுதுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. ரோமானியச் சடங்குகளில் ஒரு சொல்லோ ஓர் அசைவோ பிசகிவிட்டால் முழுச் சடங்கையும் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்தார்கள். தவறு மனிதர்களுடையது, தேவன் கேட்காமல் விட்டதில்லை என்பது அதன் உட்பொருள். வேறு மக்கள் யாரோ ஒருவரின் தீட்டையோ பொய்ச்சத்தியத்தையோ தேடிக் கண்டுபிடிப்பார்கள். இன்னும் சிலர் எதிரித் தெய்வம் தடுத்துவிட்டது என்பார்கள். உங்கள் ஊருக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் பகடை தவறும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்குக் கைகொடுக்கும். குணப்படுத்தும் மந்திரம் பலிக்கவில்லை என்று எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதும், பூசாரிப் பாத்திரம் திரும்பிப் பார்த்து "உங்களில் யார் ஓதம் ஏறும்போது பறையைத் தொட்டது?" என்று கேட்பதும் ஒன்றாகிவிடா.

கோயிலின் வரவு செலவையும் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். பண்டைய மெசொப்பொத்தாமியாவில் (இன்றைய இராக் பகுதி) கோயில் என்பது தெய்வம் குடியிருக்கும் வீடு. அதன் சிலைக்குக் காலையும் மாலையும் உணவு படைத்தார்கள், ஆடை உடுத்தினார்கள். அதற்கென நிலமும் மந்தையும் களஞ்சியமும் நெசவாளர்களும் இருந்தார்கள். எகிப்தில் தெய்வத்துக்குப் படைத்த உணவு பின்னர் பூசாரிகளுக்குப் பங்காகச் சென்றது. படையல் யார் வயிற்றுக்குப் போகிறது என்பது தெரிந்தால், பஞ்ச காலத்தில் கோயில் வாசலில் யார் கூடுவார்கள், யார் கல்லெறிவார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பழைய தெய்வம், வந்த தெய்வம், திணிக்கப்பட்ட தெய்வம்

உண்மையான தெய்வக் கூட்டம் எதுவும் ஒரே நாளில் ஒருவர் கையால் எழுதப்பட்டதில்லை. அதில் போர்களும் குடிபெயர்வுகளும் திருமணங்களும் படிந்து கிடக்கின்றன. மார்துக் முதலில் மெசொப்பொத்தாமியாவின் பாபிலோன் என்னும் ஓர் ஊரின் தெய்வம் மட்டுமே. அந்த ஊர் பேரரசின் தலைநகரான பிறகு, அவன் கடலரக்கியான தியாமத்தைக் கொன்று உலகைப் படைத்து ஐம்பது பெயர்களைப் பெற்ற கதை எழுந்தது. கி.மு. 689இல் அசீரிய மன்னன் செனகெரிப் பாபிலோனை அழித்தான். அசீரியாவில் அதே கதையை மார்துக்கின் இடத்தில் தங்கள் தெய்வமான அசூரை வைத்துப் பாடிய வடிவமும் இருந்திருக்கிறது. போரில் சிலைகளைக் கவர்ந்து செல்வதும் வழக்கம்: மார்துக்கின் சிலையை அண்டை நாட்டாரான ஏலாமியர் எடுத்துச் சென்றதும், பாபிலோன் மன்னன் முதலாம் நெபுகாத்நேசர் படையெடுத்து அதை மீட்டு வந்ததும் பாபிலோனியர் பல தலைமுறைகள் பேசிய பெருமைகள். ரோமானியர்கள் இன்னும் நாகரிகமாகச் செய்தார்கள். கி.மு. 396இல் வேயி நகரை முற்றுகையிட்டபோது, அந்நகரின் யூனோ தேவியையே அழைத்து, ரோமுக்கு வந்தால் உனக்கு இதைவிடச் சிறந்த கோயில் கட்டித் தருகிறோம் என்று வேண்டிக்கொண்டதாகவும், பின்னர் அவன்டைன் குன்றில் அவளுக்குக் கோயில் அமைத்ததாகவும் அவர்களின் வரலாறு சொல்கிறது. எதிரியின் காவல்தெய்வத்தோடு பேரம் பேசி அதைக் கட்சி மாறச்செய்வது என்னும் இந்த ஒரு கருத்தை வைத்தே ஒரு நெடுங்கேம்பெயினை (பல அமர்வுகளாகத் தொடரும் ஆட்டக்கதை) நடத்திவிடலாம்.

கழிமுனைக்கும் இத்தகைய மூன்று படிவுகளைக் கொடுப்போம். வாய்திறந்தாள் பழையவள். மூன்று தலைமுறைக்கு முன் கடற்கொள்ளையரைத் தனி ஒருவனாக முகத்துவாரத்தில் தடுத்து இறந்த சுங்கக்காவலன் ஒருவனுக்கு நட்ட கல், இன்று துறைக்காவலன் என்ற பெயரில் வணங்கப்படுகிறது. நடுகல் மரபை அறிந்த நம் ஆட்டக்காரர்கள் இதை உடனே பற்றிக்கொள்வார்கள். மூன்றாவதாக, நாட்டை வென்ற பேரரசு ஏழ்முடியான் என்னும் தன் அரசத் தெய்வத்தை ஆளுநரோடு அனுப்பிவைத்தது. பேரரசின் பூசாரிகள் வாய்திறந்தாளை ஏழ்முடியானின் இளைய மனைவி என்று அறிவித்து, அவளுடைய கோயிலுக்குள் அவனுக்கு ஒரு சிலையை நிறுத்தியிருக்கிறார்கள். ஓடக்காரர்கள் அந்தச் சிலைக்கு மாலை போடுகிறார்கள், ஆனால் வற்றத்துப் பறை ஒலிக்கும்போது அதன் முகத்தைத் துணியால் மூடிவிடுகிறார்கள். இந்தத் துணியைப் பற்றி ஆட்டக்காரர்களில் ஒருவராவது கேட்பார். அப்போது ஊரின் அரசியல் முழுவதையும் சொல்லிவிட உங்களுக்கு வழி பிறக்கும்.

புராணங்களை ஒன்றுக்கொன்று முரணாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கரின் காதல் தேவி அஃப்ரோடைட்டி கடல் நுரையிலிருந்து பிறந்தாள் என்று பழங்கவிஞர் ஹெசியட் சொல்ல, அவள் தேவர்களின் அரசன் ஜீயஸுக்கும் டையோனிக்கும் மகள் என்று மற்றொரு கவிஞர் ஹோமர் சொல்கிறார். கிரேக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். எந்தக் கதை உண்மை என்பதை ஆட்டத்தை நடத்தும் நீங்களேகூட முடிவு செய்ய வேண்டியதில்லை. எந்தக் கதையை யார் சொல்கிறார், அதனால் அவருக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

தெய்வங்கள் உண்மையிலேயே விடையளிக்கும் உலகம்

இதுவரை சொன்னவை நம் உலகத்து மதங்களிலிருந்து எடுத்தவை. கற்பனை உலகத்தில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது: அங்கே பூசாரி கைவைத்தால் காயம் ஆறுகிறது. இதை எண்ணிப் பார்க்காமல் விட்டால் உலகமே பொருந்தாமல் போகும். காசு கொடுத்து இறந்தவரை எழுப்ப முடியும் என்றால் எந்தச் செல்வந்தனும் சாக மாட்டான். பட்டத்து இளவரசன் எப்போதும் பட்டத்துக்கு வர மாட்டான். கொலை வழக்கில் இறந்தவரே வந்து சாட்சி சொல்வார். நோய் தீர்க்கும் மந்திரம் நாள்தோறும் கிடைக்கும் ஊரில் மருத்துவச்சிக்கு வேலை இருக்காது. எனவே தெய்வ ஆற்றலுக்கு எல்லை போடுவது உங்கள் கடமை. அந்த எல்லை விதிநூலின் எண்களிலிருந்து வருவதைவிடத் தெய்வத்தின் குணத்திலிருந்து வருவது நல்லது.

இடத்தால் எல்லை போடலாம். வாய்திறந்தாளின் பூசாரிக்கு ஓதநீர் எட்டும் தூரத்துக்குள் முழு ஆற்றலும் உண்டு. அதைத் தாண்டி உள்நாட்டுக்குச் சென்றால் அவர் ஒரு குடத்தில் கழிநீரைச் சுமந்து செல்ல வேண்டும், அது தீர்ந்தால் வரமும் தீர்ந்தது. நான் இந்த வகை எல்லையைத்தான் பெரிதும் விரும்புகிறேன், ஏனென்றால் பயணம் போகும் ஒவ்வொரு முடிவிலும் தெய்வம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலத்தாலும் எல்லை போடலாம்: ஓதம் ஏறும்போது கொடுப்பவள், வற்றும்போது எடுத்துக்கொள்பவள். கடனாலும் போடலாம்: ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு கடன் குறிக்கப்படும், மூன்றைத் தாண்டினால் தேவி தான் விரும்பிய ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். இதற்கு ஒரு தாளில் கோடு போடுவதைத் தவிர வேறு விதி தேவையில்லை.

விலக்குகள் மற்றொரு நல்ல வழி. அயர்லாந்தின் வீரன் கூ குலைனுக்கு நாய்க்கறி உண்ணக் கூடாது என்பது விலக்கு. விருந்தை மறுக்கக் கூடாது என்பது இன்னொரு விலக்கு. வழியில் மூன்று கிழவிகள் நாய்க்கறியைச் சுட்டு வைத்துக்கொண்டு அவனை உண்ண அழைத்தபோது, எதைச் செய்தாலும் ஒன்றை மீற வேண்டியதாயிற்று. அவனுடைய வீழ்ச்சி அங்கே தொடங்கியது. பூசாரிப் பாத்திரத்துக்குத் தனித்தனியாகப் பார்த்தால் எளிதாகத் தோன்றும் இரண்டு விலக்குகளைக் கொடுங்கள். ஓதம் ஏறும் வேளையில் கரையை விட்டுப் படகேறக் கூடாது. நீரில் தத்தளிப்பவர் கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது. இவை இரண்டும் சந்திக்கும் இரவை நீங்கள் அவசரப்பட்டு உருவாக்க வேண்டாம்; ஆட்டம் தானாகவே ஒருநாள் அங்கே வந்து சேரும், அப்போது அதை ஆட்டக்காரர்தான் முதலில் கண்டுகொள்வார்.

தெய்வம் நேரில் தோன்றிப் பேசுவதைப் பற்றி ஒரு சொல். லிடியாவின் மன்னன் குரோசஸ் பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று டெல்ஃபியில், அப்பொல்லோவின் குறிசொல்லும் கோயிலில், கேட்டபோது, படையெடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று விடை வந்ததாகவும், அழிந்தது அவனுடையதே என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். இத்தகைய இரட்டைப் பொருள் வாக்கை எழுதுவது கடினம். அடிக்கடி செய்தால் ஆட்டக்காரர்கள் நம்பிக்கை இழப்பார்கள். ஆனால் தெய்வம் தெளிவாகப் பேசும் உலகத்தில் மனிதர்களுக்கு ஐயமும் இல்லை, துணிவுக்கும் இடமில்லை. ஒரு கேம்பெயினில் ஒரே ஒரு முறை தெய்வம் ஐயத்துக்கு இடமில்லாமல் பேசட்டும். மற்ற நேரங்களில் அது ஓதநீரிலும் கனவிலும் நீர்நாயின் நடத்தையிலும் குறிப்புக் காட்டட்டும்.

அச்சம் தரும் தெய்வங்கள்

தீமைக்கென்றே ஒரு கடவுளும், அவரை வணங்கி உலகை அழிக்கத் துடிக்கும் ஒரு கூட்டமும் எனக்கு எப்போதுமே நம்பும்படியாக இருந்ததில்லை. தம் குழந்தைகளோடு வாழும் எந்த மக்களும் அப்படி வணங்கியதில்லை. அஞ்சத்தக்க ஒன்றைத் தணிப்பதற்காகவே வணங்கியிருக்கிறார்கள். ஹோமரின் காவியத்தில் ட்ராய் நகரை முற்றுகையிட்ட கிரேக்கப் படையில் கொள்ளைநோயை ஏவியவன் அப்பொல்லோ; நோயைத் தீர்ப்பவனும் அவனே. மாரியம்மனை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெசொப்பொத்தாமியாவில் பிள்ளைபெறும் பெண்களையும் சிசுக்களையும் கொல்லும் லமாஷ்து என்னும் அரக்கியை விரட்ட, பசூசு என்னும் மற்றோர் அரக்கனின் தலையுருவை அணிந்துகொண்டார்கள். உங்கள் எதிரிக் கூட்டத்தை உருவாக்கும்போது, அவர்கள் எதைத் தணிக்க முயல்கிறார்கள், அதற்கு என்ன விலையை மற்றவர்களிடமிருந்து வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கழிமுனையில் கடல் காவுகொண்டவர்களின் உறவினர்கள் சிலர், ஆண்டுக்கு ஓர் அந்நியனைக் கடலுக்குக் கொடுத்தால் தங்கள் பிள்ளைகள் திரும்புவார்கள் என்று நம்புகிறார்கள் என்றால், ஆட்டக்காரர்கள் அவர்களை எதிர்த்துப் போரிடுவார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு கணம் கை நிற்கும்.

வாழும் மதங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1980இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கென வெளிவந்த தெய்வத் தொகுப்பில் இந்திரன், அக்கினி, காளி உள்ளிட்ட இந்தியத் தெய்வங்களும் ஹிட் பாயின்ட்களோடு அச்சாகியிருக்கிறார்கள். இன்று கோடிக்கணக்கானோர் விளக்கேற்றி வணங்கும் ஒருவருக்கு எண் போட்டு மேசையில் வைப்பதை நான் ஏற்பதில்லை. உங்கள் மேசையில் உட்காருகிறவரின் பாட்டி வணங்கும் தெய்வம் அது. மரபுகளின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நேர்த்திக்கடன் எப்படி நடக்கிறது, எல்லைக்காவல் தெய்வம் ஏன் ஊருக்கு வெளியே நிற்கிறது, குலதெய்வத்துக்கும் பெருங்கோயிலுக்கும் என்ன உறவு. பெயரையும் உருவத்தையும் புதிதாகப் படையுங்கள். சாதியும் தீட்டும் உங்கள் கற்பனைக் கோயிலுக்குள் வரப்போகின்றன என்றால் ஆட்டம் தொடங்கும் முன்னரே அனைவரிடமும் அதைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பொழுதுபோக்க வந்தவரின் காயத்தின் மேல் கைவைக்க நமக்கு உரிமை இல்லை.

மேசைக்குக் கொண்டுவருதல்

எழுதியவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஆட்டக்காரர்களிடம் படித்துக்காட்ட வேண்டாம். ஒரு தெய்வத்துக்கு ஒரு பக்கம் போதும். அதில் கருப்பொருள் எட்டும், ஐந்து வேண்டுதல்களும், நிறைவேறாததற்கு ஊர் சொல்லும் காரணமும், ஆற்றலின் எல்லையும், இரண்டு விலக்குகளும் இருக்கட்டும். மற்றதெல்லாம் மக்களின் வாயிலும் கையிலும் தெரிய வேண்டும். கழிமுனைக்காரர் எப்படிச் சத்தியம் செய்வார்? "என் வாய் அடைபடட்டும்" என்பார். திட்டும்போது? "மழைக்குப் பிறந்தவனே" என்பார். சந்தையில் எடைக்கல்லைத் தொடும் முன் உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இப்படி மூன்று பழக்கங்களை முதல் அமர்விலேயே, விளக்கம் சொல்லாமல், வெவ்வேறு ஆட்களிடம் காட்டிவிட்டால், அமர்வு முடிவதற்குள் ஆட்டக்காரர்களும் அவ்வாறே சத்தியம் செய்யத் தொடங்குவதைக் காணலாம். நாட்காட்டியில் ஆண்டுக்கு நான்கு திருநாள்களைக் குறித்துவையுங்கள். அவற்றில் ஒன்றாவது ஆட்டக்காரர்களின் திட்டத்துக்கு இடையூறாக வந்து நிற்க வேண்டும், படகு கிடைக்காத நாளாக.

சில இடங்களை வெறுமையாகவே விட்டுவையுங்கள். பூசாரிப் பாத்திரத்தை ஏற்றவரிடம் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் ஒரு சிறு கேள்வி கேளுங்கள்: சிறுவயதில் இந்தத் தேவியைப் பற்றி உன் தாய் சொன்ன கதை என்ன? உன் ஊரில் அவளுக்கு எந்த மீனைப் படைக்க மாட்டார்கள், ஏன்? அவர் சொல்லும் விடை நீங்கள் எழுதிவைத்ததோடு முரண்பட்டாலும் ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் அதே கதையைச் சற்று மாற்றிச் சொல்லட்டும். அந்த மாற்றம் ஏன் வந்தது என்று ஆட்டக்காரர் அவரோடு வாதாடத் தொடங்கினால், குறுக்கிடாமல் கிழவரின் பக்கத்தில் நின்று நீங்களும் வாதாடுங்கள்.